பேய்க்கணவாய் நண்டைப் பிடிக்கும்போது வெளுத்துப்போவது ஏன்? (காட்பாடி, 250 லிட்டர் கடல்நீர்த் தொட்டி)

காட்பாடி_உப்புத்தண்ணி எழுதியது:

வணக்கம். இங்க தங்கமீன், ஃபைட்டர், அரோவானா வளர்க்கிறவங்கதான் அதிகம்னு தெரியும். கடல்நீர்த் தொட்டி வச்சிருக்கிறவங்க நாலஞ்சு பேராவது இருப்பீங்க, அவங்களை நம்பித்தான் போடுறேன்.

என்கிட்ட சின்னதா ஒரு பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ், இருக்கு. பழவேற்காட்டுப் பக்கம் நண்டு வலையில சிக்கினது. உடம்பு ரெண்டு விரல் அகலம், கையை விரிச்சா ஒரு ஜாண் தாண்டும். ஆர்.ஓ. தண்ணியில செயற்கை உப்பு, அடர்த்தி 1.025, கழிவை நுரையாப் பிரிக்கிற புரோட்டீன் ஸ்கிம்மர், தண்ணியைக் குளிர வைக்கிற சில்லர் எல்லாம் இருக்கு. மூடிக்கு நாலு பக்கமும் கிளாம்ப். தொட்டியை ஒன்றரை மாசம் ஓடவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டின பிறகுதான் இது உள்ள போச்சு. குடியிருப்பு: உடைஞ்ச மண்சட்டி.

விஷயம் இதுதான் (படமும் போன்ல எடுத்த வீடியோவும் இணைச்சிருக்கேன்). உயிர் நண்டை விட்டதும் முதல்ல கண்ணு மட்டும் சட்டிக்கு வெளிய வரும். தலையை ரெண்டு மூணு தடவை மேலயும் கீழயும் ஆட்டும். அப்போ செங்கல் நிறம், கண்ணுக்குக் குறுக்க ஒரு கறுப்புக் கோடு. பிறகு மணல் நிறத்துக்கு மாறி, தோல்ல முள்ளு முள்ளா எழும்ப, ஊர்ந்து வரும். பாயும்போது கைகளுக்கு நடுவுல இருக்கிற சவ்வு அகலமா விரிஞ்சு நண்டு மேல கவுந்துடும். அந்த நொடியில சவ்வு முழுக்க வெளுத்துடுது. சுண்ணாம்பு வெள்ளை இல்ல, உரிச்ச நுங்கு மாதிரி வெளிச்சம் ஊடுருவுற வெள்ளை. உள்ள நண்டு காலை உதைக்கிறது நிழலாத் தெரியும். கொஞ்ச நேரத்துல உதை நின்னுடும். நண்டோட சட்டிக்குள்ள போனதும் மறுபடி செம்பழுப்பு. சாப்பிட்டு முடிச்சதும் ஓட்டைத் துண்டு துண்டா வாசல்ல போட்டு, சைஃபனால (உடம்புல இருக்கிற நீர்க்குழல்) தண்ணியைப் பீய்ச்சித் தூரத் தள்ளிவிடுது.

வெளுத்தா பயம்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. அப்போ தன் சாப்பாட்டைப் பார்த்தே பயப்படுதா? குச்சியில செத்த இறாலைக் கொடுத்தா இந்த நிற மாற்றம் பாதிகூட வர்றதில்ல, அது ஏன்? இன்னொண்ணு, கடல் நண்டு இங்க உயிரோட கிடைக்கிறது குதிரைக்கொம்பு. கழனி நண்டு கொடுக்கலாமா?

அகழிமுதலை எழுதியது:

எல்லாம் சரி பாஸ், ஐபிஎல் யார் ஜெயிப்பாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. 2010 கால்பந்து உலகக் கோப்பையில ஜெர்மனியில பால்ங்கிற ஆக்டோபஸ் மேட்ச் முடிவைப் புட்டுப் புட்டு வச்சுதே. நம்ம ஊரு பிராணி மட்டும் சளைச்சதா?

பாகாயம்_நுண்ணோக்கி எழுதியது:

முதலையாரே, பால் ஆக்டோபஸ் பேச்சு வந்ததும் நல்லதுக்குத்தான். அது இருந்த ஜெர்மனி ஓபர்ஹவுசன் நகரத்துல அதுக்கு முன்னாடி வச்ச ரெண்டு பெட்டிக்குள்ளயும் சாப்பாடு இருந்துச்சு. பெட்டி மேல நாட்டுக் கொடி. இந்தப் பிராணியோட கண்ணுல ஒரே வகை ஒளியுணர் நிறமிதான் உண்டு, அதாவது நமக்குத் தெரியிற மாதிரி நிறம் தெரியாது. கொடியில அது பார்த்தது வெளிச்ச வேறுபாடும் பட்டைகளும்தான். ஜோசியத்தை அதோட விடுவோம்.

தம்பி காட்பாடி, நல்லாப் பார்த்து எழுதியிருக்கீங்க. கல்லூரியில விலங்கியல் சொல்லிக்கொடுத்த பழக்கம், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்குங்க.

தோலுக்குள்ள குரோமட்டோஃபோர்னு நுண்ணிய நிறப்பைகள் இருக்கு. மஞ்சள், சிவப்பு, பழுப்பு, கறுப்பு. ஒவ்வொரு பையையும் சுத்தி ஆரக்கால் போல தசைநார்கள். மூளையில இருந்து நரம்பு நேரா அந்தத் தசைக்கு வருது. தசை இழுத்தா பை விரியும், நிறம் தெரியும். தசை தளர்ந்தா பை புள்ளியாச் சுருங்கிடும், கீழே இருக்கிற வெள்ளை அடுக்கு தெரியும். பச்சோந்திக்கு நிமிஷக்கணக்குல நடக்கிற வேலை இதுக்கு ஒரு நொடிக்குள்ள முடியிறதுக்குக் காரணம் இந்த நேரடி நரம்புதான்.

இதுல இருந்து ஒண்ணு புரியணும். கருப்பாகிறதுக்குத்தான் இது வேலை செய்யுது. வெளுப்புங்கிறது தசைக்குக் கட்டளை போகாத நிலை. தூங்கும்போது வெளுக்கும். திடீர்னு மிரண்டாலும் வெளுக்கும். செத்தாலும் வெளுக்கும். நண்டு மேல கவுக்கும்போதும் வெளுக்கும். நாலும் ஒரே நிறம், காரணம் நாலு. அதனால "வெள்ளைன்னா பயம், சிவப்புன்னா கோபம்"னு அட்டவணை போட்டு வீடியோ விடுறவங்களை நான் நம்புறதில்ல.

உங்க விஷயத்துல இன்னொரு காரணமும் இருக்கும்னு என் கணக்கு. சவ்வு இழுபட்டு விரியும்போது நிறப்பைகள் ஒண்ணுக்கொண்ணு தள்ளிப்போகும், தோலும் மெல்லிசாகும். நீங்க சொன்ன ஊடுருவுற வெள்ளை அதோட பொருந்துது.

நிஜமாவே மிரண்டதான்னு பார்க்க நிறத்தை விட மூச்சைப் பாருங்க. உடம்புப் பை விரிஞ்சு சுருங்குறதை ஒரு நிமிஷத்துக்கு எண்ணுங்க. வழக்கத்தை விட வேகமா, ஆழமா இழுத்து, கூடவே கண்ணைச் சுத்திக் கறுப்பு வளையம் போட்டு, சவ்வைத் தட்டையா விரிச்சு நின்னா அது மிரட்டல் கோலம். நண்டு பக்கத்துல இல்லாதப்போ இப்படி நின்னா யாரோ தொந்தரவு பண்றாங்கன்னு அர்த்தம்.

செத்த இறால் ஓடாது. அதை மறைஞ்சு நெருங்கவோ திகைக்க வைக்கவோ தேவையில்ல. உயிர் நண்டு அசையாம உறைஞ்சு நின்னா சில இனங்கள் ஒரு கருநிழலை உடம்புல இருந்து கைப்பக்கமா ஓடவிடும். நண்டை அசைய வைக்கிற தந்திரமா இருக்கலாம்னு ஆக்டோபஸ் சயனியாங்கிற இனத்தைக் கவனிச்ச மேதர்ங்கிற பேருள்ள ரெண்டு ஆய்வாளர்கள் 2004-ல எழுதினாங்க. உங்களுது அப்படிச் செய்யுதான்னு பாருங்க.

சத்துவாச்சாரி_அக்கா எழுதியது:

கேட்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் நேராவே கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க தம்பி. வேலூர் வெயில்ல இது எதுக்கு? கத்திரி சமயத்துல நம்ம வீட்டு ஓவர்ஹெட் டேங்க் தண்ணியில கை வைக்க முடியல. சில்லர் ஒரு மத்தியானம் நின்னா கதை முடிஞ்சது. சின்ன இனம் ஒரு வருஷத்தைத் தொட்டாலே பெரிய விஷயம். அதுக்காக ஒரு அறிவுள்ள ஜீவனைக் கண்ணாடிப் பெட்டியில அடைக்கணுமா? இங்கிலாந்துல 2022-ல விலங்கு நலச் சட்டத்துல இதையும் உணர்வுள்ள உயிர்னு சேர்த்துட்டாங்க. அமெரிக்காவுல வாஷிங்டன், கலிஃபோர்னியா ரெண்டு மாநிலமும் 2024-ல ஆக்டோபஸ் பண்ணைக்கே தடை போட்டாச்சு.

அப்புறம், தொட்டியில போட்ட கல் எங்க இருந்து வந்துச்சு? பவளப்பாறைன்னா அது வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை. "லைவ் ராக்"னு சொல்லி விக்கிறவன் மாட்டிக்க மாட்டான், வாங்கினவங்கதான் மாட்டுவாங்க.

காட்பாடி_உப்புத்தண்ணி எழுதியது:

அக்கா, கோவம் எதுக்கு, கேட்க வேண்டிய கேள்விதான். பவளம் எதுவும் இல்ல. மண்சட்டி, பீங்கான் வளையம், சலிச்ச மணல், அவ்வளவுதான். சில்லர் 25 டிகிரியில நிக்குது, இன்வெர்ட்டர்ல தனி லைன். இது காசு கொடுத்துப் பிடிக்கச் சொன்னதும் இல்ல. சமையலுக்குப் போற கூடையில கிடந்தது. "அதனால நீ செஞ்சது சரி"ன்னு நான் வாதாடல. இருக்கிற வரைக்கும் ஒழுங்காப் பார்த்துக்கணும், அதுக்குத்தான் இவ்வளவு கேள்வி.

மண்டபம்_வலைக்காரர் எழுதியது:

தம்பி, படத்தைப் பார்த்தேன். உடம்புல மரக்கிளை மாதிரிக் கருங்கோடு, கண்ணுக்குக் கீழ வெளிறுன திட்டு, உறிஞ்சியெல்லாம் வெளிறி ஓரமாத் தனியாத் தெரியுது. இது சிரட்டையைத் தூக்கிட்டு நடக்குற சாதிதான். அறிவியல் பேரு ஆம்ஃபியோக்டோபஸ் மார்ஜினேட்டஸ்னு இங்க ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க சொல்லக் கேட்டிருக்கேன். தேங்காய்ச் சிரட்டை ரெண்டு போட்டுப் பாருங்க. சட்டியை விட அதைத்தான் விரும்பும். பாக் நீரிணைப் பக்கம் வெறும் சங்கு ஓட்டைக் கயித்துல வரிசையாக் கட்டி இறக்குவாங்க, இது தானா வந்து உள்ள உக்காந்துக்கும், கயித்தைத் தூக்கினா போதும். பொந்து கிடைச்சா விடாது.

பாகாயம் ஐயா சொல்றதுல பாதிதான் எனக்கு ஒப்புது. நிறத்தைப் பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாதுன்னா நாங்க எப்படிச் சொல்றோம்? வலையில இருந்து எடுத்ததும் செவசெவன்னு இருந்து, கையை உருட்டிச் சுருட்டிக்கிட்டா கடிக்கப் பார்க்குதுன்னு அர்த்தம். வெளுத்து, கை தொளதொளன்னு தொங்கினா அது பிழைக்காது. இன்னொண்ணு, வெட்டிப் போட்ட பிறகும் தோல்ல புள்ளிப் புள்ளியா நிறம் ஓடிக்கிட்டே இருக்கும், கொஞ்ச நேரத்துக்கு. அப்போ அதுக்கு யார் கட்டளை போடுறாங்களாம்?

பாகாயம்_நுண்ணோக்கி எழுதியது:

ஐயா, நீங்க சொன்னதுலயே பதில் இருக்கு. நீங்க பார்க்கிறது நிறத்தை மட்டுமில்ல, கை எப்படி நிக்குதுங்கிறதையும் சேர்த்துத்தான். சிவப்பும் சுருட்டின கையும், வெளுப்பும் தொங்குற கையும். நிறத்தை மட்டும் தனியா எடுத்துப் படிக்கக்கூடாதுங்கிறதுதான் என் கட்சி.

வெட்டின பிறகு ஓடுற நிறம் நல்ல கேள்வி. மூளையோட தொடர்பு அறுந்ததும் தசைகள் தன்னிச்சையாத் துடிக்கும். அதோட தோலுக்கே வெளிச்சத்தை உணர்ற சக்தி கொஞ்சம் இருக்கு. கலிஃபோர்னியாவுல ராமிரெஸ், ஓக்லின்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2015-ல உடம்புல இருந்து பிரிச்ச தோல் மேல வெளிச்சம் பாய்ச்சினாங்க, நிறப்பைகள் விரிஞ்சது. நீல வெளிச்சத்துக்கு வேகம் அதிகம். நிறமே தெரியாத பிராணி எப்படிச் சுத்துப்புறத்தோட நிறத்துக்கு மாறுதுங்கிற பழைய புதிர் இதனால முழுசா அவிழ்ந்துடல. அரிஸ்டாட்டில் காலத்துல இருந்து கவனிச்சுட்டு வர்ற விஷயம்.

குடியாத்தம்_ஏரிக்கரை எழுதியது:

இன்னாத்துக்குண்ணா கடல் நண்டு கடல் நண்டுன்னு அலைஞ்சிக்கினு கீற? மழை பேஞ்சா வரப்புல வளைக்கு வளை நண்டு. பசங்க கையில ஒரு இருபது ரூபா குட்த்தா ஒரு சொம்பு நிறைய புட்ச்சாந்துடுவானுங்க. எங்க நைனா ரசம் வச்சா சளி பறந்துடும். உன் கணவாய் சாப்டாதா?

காட்பாடி_உப்புத்தண்ணி எழுதியது:

சாப்பிடும்ணா, பிரச்சினை அது இல்ல. வரப்புல மருந்து அடிச்சிருந்தா?

பாகாயம்_நுண்ணோக்கி எழுதியது:

அதேதான். நண்டு ரசம் வைக்கிற நமக்கு ஒண்ணும் ஆகாத அளவு பூச்சிமருந்து, முதுகெலும்பில்லாத பிராணிக்கு எமன். நெல்லுக்கு மருந்தடிக்கிற கழனி நண்டு வேண்டவே வேண்டாம். ஏரி, கால்வாய்னாலும் நம்ம பக்கம் பாலாத்தங்கரையில தோல் ஷாப்பு கழிவு எங்கெங்க இறங்கியிருக்குன்னு உங்களுக்கே தெரியும். மருந்தில்லாத கிணத்து நண்டுன்னு நிச்சயமாத் தெரிஞ்சா எப்போவாவது ஒண்ணு கொடுக்கலாம். நல்லதண்ணி நண்டு உப்புத்தண்ணியில நெடுநாள் தாங்காது, விட்டதும் பிடிக்கலைன்னா எடுத்துடுங்க, செத்து அழுகினா அம்மோனியா ஏறும். அதையே தினசரிச் சாப்பாடாக்கவும் கூடாது, கடல் இரையில இருக்கிற கொழுப்பு வகை அதுல குறைவு.

மீன் மார்க்கெட் இறால் வாங்கினா தலையோட, மருந்து போடாதது கேட்டு வாங்குங்க. இறால் கறுத்துப்போகாம இருக்க சோடியம் மெட்டாபைசல்ஃபைட் தெளிக்கிறது வழக்கம். நல்லா அலசி, பனிக்கட்டி விட்ட பிறகு கொடுங்க.

தாமிரம் ஆகவே ஆகாது. இதோட ரத்தமே தாமிரத்தால ஆனது, ஹீமோசயனின், அதான் நீலம். ஆனா தண்ணியில தாமிரம் கலந்தா செத்துடும். மீன் நோய்க்கு விக்கிற நீலச் சொட்டு மருந்து சிலதுல தாமிரம் இருக்கு. பித்தளைக் குழாய், செம்புப் பாத்திரம் எதுவும் தொட்டிப் பக்கம் போகக்கூடாது.

சத்துவாச்சாரி_அக்கா எழுதியது:

கொசு மருந்தை விட்டுட்டீங்களே சார். பிளக்குல சொருகுற லிக்விட், காயில் எல்லாம் பெரும்பாலும் பைரித்ராய்டுங்கிற பூச்சிக்கொல்லி வகை. அறையில அதை வச்சா ஏர் பம்ப் உறிஞ்சி நேராத் தண்ணிக்குள்ள விடும். எங்க வீட்டு இறால் தொட்டி ஒரே ராத்திரியில காலியானது அப்படித்தான்னு இன்னிக்கும் நான் சொல்வேன். வலை கட்டிப் படுங்க.

வேலப்பாடி_கேமரா எழுதியது:

குறுக்க வர்றேன். போன்ல எடுத்த வீடியோவை வச்சு நிறத்தைப் பேசுறது ஆபத்து. தொட்டி விளக்கு நீலம் அதிகம். போன் தானா வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) மாத்திக்கிட்டே இருக்கும். நீங்க "வெளுத்துச்சு"ன்னு சொன்ன கிளிப்ல பின்னாடி இருக்கிற மண்சட்டியும் அதே நொடியில வெளுக்குது, பாருங்க! பாதி உங்க கணவாய், பாதி உங்க போன். வெள்ளைச் சமநிலையையும் எக்ஸ்போஷரையும் பூட்டிட்டு எடுங்க. தொட்டிக்குள்ள ஒரு ஓரமா வெள்ளை பிளாஸ்டிக் துண்டு ஒட்டி வைங்க, அது மாறலைன்னா பிராணிதான் மாறுது. ராத்திரி எடுக்கணும்னா பூஜை அறைக்கு வாங்குற ஜீரோ வாட் சிவப்பு பல்பு போதும். இதோட கண்ணு நீலத்துக்குத்தான் கூர்மை, சிவப்பு வெளிச்சம் பெருசா உறைக்காது. ஃபிளாஷ் போட்டா நான் மனுஷனா இருக்க மாட்டேன்.

காட்பாடி_உப்புத்தண்ணி எழுதியது:

கேமரா அண்ணன் சொன்னபடி பூட்டி எடுத்தேன். வெள்ளைத் துண்டு அப்படியே இருக்கு, சவ்வு மட்டும் வெளுக்குது. ஆனா முன்ன நினைச்ச அளவுக்கு இல்ல. நடுவுலதான் வெளுப்பு, கை ஓரத்துல கருங்கோடு கடைசி வரைக்கும் நிக்குது. போன்தான் அந்தக் கோட்டை விழுங்கியிருக்கு.

மூச்சையும் எண்ணிப் பார்த்தேன். நண்டு மேல கவுந்திருக்கும்போது கொஞ்சம் கூடுது, பிறகு சட்டிக்குள்ள போனதும் மெதுவா இறங்குது. நான் தொட்டி ஓரமா வேகமா நடந்தா வர்ற வெளுப்புல மூச்சு தூக்கிப் போடுது, உடம்பே அதிருது. ரெண்டும் கண்ணுக்கு ஒரே வெள்ளைதான், ஆனா பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா குழப்பமே வராது.

கருநிழல் ஓடுறதை இதுவரைக்கும் பார்க்கல. ஆனா சிரட்டை போட்ட பிறகு வேட்டையே மாறிப்போச்சு. ரெண்டு சிரட்டையையும் மேலயும் கீழயும் மூடிக்கிட்டு உள்ள உக்காந்திருக்கு, நண்டு பக்கத்துல வந்தா ஒரு கை மட்டும் வெளிய நீளுது. கண்ணால பார்க்காமலே தொட்டுப் பிடிக்குது. கல்லைத் தொட்டா விட்டுடுது, நண்டைத் தொட்டா இழுத்துக்குது. அப்போ நிறம் மாறவே இல்ல!

பாகாயம்_நுண்ணோக்கி எழுதியது:

உறிஞ்சிகள்ல ருசி உணர்வு இருக்கு, அதனாலதான். தொட்டாலே அது இரையா, கல்லான்னு தெரிஞ்சிடும். ஹார்வர்ட்ல 2020-ல அந்த உணர்விகளை அடையாளம் கண்டாங்க. நரம்பணுக்கள்ல மூணுல ரெண்டு பங்கு கைகள்லதான் இருக்கு. மறைஞ்சிருந்து பிடிக்கும்போது வேஷம் தேவையில்ல, அதான் நிறமும் மாறல. இது நீங்க எழுதினதுலயே எனக்குப் பிடிச்ச குறிப்பு.

அகழிமுதலை எழுதியது:

தூங்கும்போது கனவு கண்டு நிறம் மாறும்னு டிவியில காட்டினாங்களே, அதாச்சும் நிஜமா?

பாகாயம்_நுண்ணோக்கி எழுதியது:

நிறம் மாறுறது நிஜம். கனவுன்னு சொன்னது டிவி. அலாஸ்காவுல டேவிட் ஷீல்ங்கிற ஆய்வாளர் வீட்டுல வளர்த்த ஹைடிங்கிற ஆக்டோபஸ் தூக்கத்துல நிறம் மாறினது 2019-ல உலகம் முழுக்கப் பரவுச்சு. பிரேசில்ல 2021-ல ஆக்டோபஸ் இன்சுலாரிஸ்ங்கிற இனத்தை வச்சுப் பதிவு செஞ்சாங்க: வெளுத்து அமைதியாத் தூங்கும், அரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல போனா ஒரு நிமிஷத்துக்கும் குறைவா நிறமும் கண்ணும் துடிக்கும், மறுபடி அமைதி. அந்த நேரம் அது என்ன பார்க்குதுன்னு யாரும் கேட்டுச் சொல்லல.

காட்பாடி தம்பி, ஒரு விஷயம். ஆணா பெண்ணான்னு பார்த்தீங்களா? வலப்பக்கம் மூணாவது கை நுனியில உறிஞ்சி இல்லாம வழுவழுன்னு இருந்தா ஆண். பெண்ணா இருந்து முட்டை போட்டா சாப்பாட்டை நிறுத்திடும், அப்போ நிறமும் மங்கிடும். அதை நோய்னு நினைச்சு மருந்து ஊத்திடாதீங்க. அது சுரப்பியோட வேலை. வோடின்ஸ்கிங்கிற ஆய்வாளர் 1977-ல கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற அந்தச் சுரப்பியை எடுத்துட்டுப் பார்த்தார், அடைகாத்த தாய் மறுபடி சாப்பிட ஆரம்பிச்சு கூடுதல் நாள் இருந்துச்சு.

காட்பாடி_உப்புத்தண்ணி எழுதியது:

ஆண்தான் சார். கண்ணாடியில ஒட்டினப்போ அந்தக் கை நுனி தெளிவாத் தெரிஞ்சுது.

அவசரமா ஒரு உதவி. இந்தச் சனிக்கிழமை எங்க ஏரியாவுல மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் இல்லைன்னு பேப்பர்ல வந்திருக்கு. இன்வெர்ட்டர் சில்லரை அவ்வளவு நேரம் இழுக்காது. பேட்டரி ஏர் பம்ப் யார்கிட்டயாவது இருக்கா? அன்னைக்கு நண்டு கொடுக்கலாமா?

பாகாயம்_நுண்ணோக்கி எழுதியது:

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்னதா ஒண்ணு கொடுத்துடுங்க, சனிக்கிழமை வேண்டாம். செரிக்கும்போது ஆக்சிஜன் தேவை கூடும். தண்ணி சூடாச்சுன்னா அதுல கரைஞ்ச ஆக்சிஜனும் குறையும், ரெண்டும் சேரக்கூடாது. ஆர்.ஓ. தண்ணியைப் பாட்டில்ல உறைய வச்சு, மூடியோட மிதக்கவிடுங்க, ஒண்ணு உருகினதும் அடுத்தது. ஐஸை நேரடியாப் போட்டா உப்பு குறைஞ்சிடும். ஜன்னல்ல ஈரச் சாக்கு கட்டுங்க. மூச்சு வேகமெடுத்தா மட்டும் பதறுங்க, நிறத்தைப் பார்த்துப் பதறாதீங்க.

சத்துவாச்சாரி_அக்கா எழுதியது:

என்கிட்ட ரெண்டு பேட்டரி பம்ப் இருக்கு. வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வரும்போது ரங்காபுரம் பஸ் ஸ்டாப்ல இறங்கி போன் பண்ணுங்க, பையன்கிட்ட கொடுத்து அனுப்புறேன். பேட்டரி செல் நீங்க போட்டுக்கணும். வளர்க்கிறது தப்புங்கிற என் கருத்துல மாற்றம் இல்ல.